முதுகுவலி என்று எழுதிய நோய்

எங்கள் ராணுவ முகாம் மருத்துவமனையில் பதினொரு வருடம் நர்ஸாக இருந்தவரை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் கொஞ்சம் நீளம்; ஊசி போடுகிற கை மட்டும் பூ மாதிரி. பக்கத்து மேசையில் நோயாளிப் பதிவேடு எழுதுகிற குமாஸ்தா நான். மைதானத்தில் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிற சிப்பாய்கள் அக்காவின் அறைக்குள் பூனை மாதிரி நுழைவதைப் பார்த்து நான் வாய்க்குள் சிரித்ததுண்டு. அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

இருபது, இருபத்திரண்டு வயது. வீட்டை விட்டு வந்து மாதக்கணக்கு. வாரத்தில் ஒருநாள் வெளியே போக அனுமதி. பால்வினை நோய் வராமல் என்ன செய்யும்? வாரத்துக்கு நாலைந்து பேராவது வருவார்கள். அதை அப்படியே எழுதினால் விடுப்பு ரத்து, பதவி உயர்வும் தள்ளிப்போகும். அதனால் வருகிறவன் என்னிடம் முதுகுவலி என்பான். நானும் கண்ணை மூடிக்கொண்டு அதையே எழுதுவேன். அக்கா உள்ளே கூப்பிட்டுச் சரியான மருந்தைக் கொடுத்து அனுப்புவார். யாரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு இல்லை. ஆளைக் காப்பாற்றுகிறோம் என்று எனக்குப் பெருமை வேறு.

பதிவேட்டைப் பார்த்துத்தான் தலைமையகம் மருந்து அனுப்பும் என்பது இந்த மண்டையில் ஏறவில்லை. ஒரு மாதம் பெட்டி பெட்டியாக வலித் தைலம் வந்து இறங்கியது. பால்வினை நோயே முகாமில் இல்லையே என்று பெனிசிலினை நிறுத்திவிட்டார்கள். கடைசிக் குப்பி தீர்ந்த மறுநாள் லாரி டிரைவர் ஒருவன் வந்தான். ரத்தத்தில் சிபிலிஸ். இரண்டு மாதத்துக்கு முன் வீட்டுக்குப் போய் வந்தபோதே நோய் இருந்திருக்கிறது. மனைவிக்கு இப்போது ஏழு மாதம்.

"உனக்கு மட்டும் ஊசி போட்டா ஆகாதுப்பா. அவளையும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு. விட்டா வயித்துல இருக்கற குழந்தைக்கும் போயிடும்" என்றார் அக்கா.

"சொன்னா என்னை விட்டுட்டுப் போயிடுவாக்கா."

"போனா போகட்டும். குழந்தை நல்லபடியா பொறக்கட்டும்."

அவன் எழுந்து போனான். அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக மருத்துவ அதிகாரியிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன். ஆறு மாதத்தில் வந்த நூற்று முப்பது முதுகுவலியில் நூற்றுப்பத்து முதுகுவலியே இல்லை என்று ஒளிக்காமல் சொன்னார். அதிகாரி பெயர்களைக் கேட்டார். எண்ணிக்கை தருவேன், பெயர் தர மாட்டேன்; கொடுத்தால் நாளை முதல் ஒருத்தனும் மருந்துக்கு வரமாட்டான் என்று அக்கா மறுத்துவிட்டார். எங்கள் இருவருக்கும் கண்டனக் கடிதம் வந்தது. மூன்றாம் நாள் மருந்தும் வந்தது.

டிரைவர் ஊசி போட்டுக்கொண்டு, அக்காவின் மேசைத் தொலைபேசி முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். நாங்கள் இருவரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். வெளியே வந்தபோது அவன் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. "நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போறாளாம். என்னை வீட்டுப் பக்கம் வர வேணாம்னுட்டா" என்றான்.

அவனுக்குக் கிடைத்த பதினைந்து நாள் விடுப்பையும் முகாமிலேயே, சுத்தமாக இருந்த லாரியையே திரும்பத் திரும்பக் கழுவிக் கழித்தான். பாவம் என்று வந்தது எனக்கு, கோபமும் வந்தது. அக்கா மட்டும் வாரம் தவறாமல் அவன் மனைவியிடம் தொலைபேசியில் பேசி, ஊசி போட்டாயா, என்ன சொன்னார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதம் கழித்து, டிரைவர் மறுபரிசோதனைக்காக ரத்தம் கொடுக்க வந்த நேரம் தொலைபேசி அடித்தது. அவள்தான். பெண் குழந்தை, ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்று அவள் முடிக்கப் பார்த்தாள்.

"இங்கதாம்மா நிக்கிறான். நீயே சொல்லேன்" என்று அக்கா ரிசீவரை அவனிடம் நீட்டினார்.

அவன் வாங்கிக் காதில் வைத்தான். பேச வாய் வரவில்லை. எதிர்முனையிலும் பேச்சில்லை. ஆனால் அவள் வைத்துவிடவில்லை.