நெத்திலி மேல இறங்காத டிரோன்

எனக்குக் கோவம் வந்தா வாய் சும்மா இருக்காது. அதுக்குன்னு, ஆகாசத்துல பறக்கிற மெஷினைப் பார்த்து "அப்படியே நில்லு, இறங்கினே மவனே கொன்னுடுவேன்"னு கத்தின பொம்பள இந்த செங்கல்பட்டு மாவட்டத்துலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். அன்னிக்கு நடந்ததை நெனச்சா இப்பவும் உடம்பு சிலிர்க்குது.

நான் டிரோன் பைலட். வயலுக்கு மருந்தடிக்கத்தான் முதல்ல ஓட்டக் கத்துக்கிட்டேன். பூச்சிமருந்தைத் தூக்குற மெஷின் மாத்திரையைத் தூக்காதான்னு ஒருநாள் தோணிச்சு. தோணினதுலேர்ந்து தூக்கமே இல்ல. மகாபலிபுரத்துக்கு வடக்கே ஒரு உப்பங்கழி. இந்தக் கரையில கிளினிக், அந்தக் கரையில மீனவக் குப்பம். நின்னு பார்த்தா அங்க காயப்போட்ட துணி கூட தெரியும். ஆனா ரோட்டுல சுத்திக்கினு போனா முக்கால் மணி நேரம். என் டிரோனுக்கு நாலே நிமிஷம். இதுல பொழப்பு இல்லேன்னா வேற எதுலதான் இருக்கு?

முதல்ல நான் ஆசப்பட்டது சதுரங்கப்பட்டினம். மேப்பைத் திறந்தா கல்பாக்கம் அணுமின் நிலையத்தைச் சுத்தி ஒரே சிவப்பு, பறக்கவே கூடாது. "அங்க நீ காத்தாடி விட்டாலே ஜீப்பு வந்து நிக்கும்"னு என் வீட்டுக்காரரு கிண்டல் பண்ணாரு. அதனாலதான் பச்சை காட்டுற இந்தக் கழிக்கு வந்தேன். இங்கயும் கண்ணுக்குத் தெரியற தூரம் வரைக்கும்தான் ஓட்டலாம். போதும், அக்கரை தெரியுதுல்ல.

வீட்டுக்காரரைச் சொல்லணும். நான் மச்சான்னுதான் கூப்பிடுவேன். எட்டு வருஷமா துபாய்ல ஏசி மெக்கானிக். எங்க பொண்ணுக்கு அப்பான்னா செல்போன்ல வர்ற ஒரு மூஞ்சி. இந்தத் தடவை ரெண்டரை மாசம் லீவுல வந்திருந்தாரு. பத்து நாள்ல ரிட்டர்ன் டிக்கெட். சூட்கேஸ் பாதி கட்டி கட்டில் மேல கிடந்துச்சு. "உனக்கு ஒரே ஒரு ஒப்பந்தம் கிடைக்கட்டும், நான் போகல. ரெண்டு பேருமா இதையே பார்ப்போம். இல்லேன்னா போய்த்தான் ஆவணும்"னு சொல்லிட்டாரு.

அந்த ஒப்பந்தம் தரவேண்டிய ஆளு ஒரு டாக்டரம்மா. செங்கல்பட்டுல ஆஸ்பத்திரி, கழிக்கரையில இருக்கறது அவங்க கிளை. சாமானியமா மசியமாட்டாங்க. "பைக்ல ஒருத்தன் போனா பெட்ரோல் காசோட முடிஞ்சுது. உன் மெஷின் எதுக்கு?"ன்னாங்க.

"மழையில ரோடு முழுகிடுதே மேடம்."

"ரோடு முழுகினா நீ இறக்குற இடம் மட்டும் முழுகாதா?"

என்ன நெனச்சாங்களோ, "சரி, ஒருதடவை செஞ்சு காட்டு. இன்சுலின் உடையாம போய்ச் சேரணும்"னாங்க.

இறங்குற இடத்தை நான் எப்பவோ பார்த்து வச்சிருந்தேன். குப்பத்துக்கு முன்னால நல்ல மணல்திடல். நாலு தடவை போனேன், நாலு தடவையும் ஈ காக்கா இல்ல. சுண்ணாம்புல பெரிய வட்டம் போட்டேன். ஆறு தடவை இறக்கிப் பார்த்தேன். ஆறும் பூப்போல இறங்கிச்சு.

நான் போனது முழுக்க மீன்பிடித் தடைக்காலம். போட்டெல்லாம் கரையில கிடந்த நேரம். அந்த ரெண்டு மாசமும் மீன் விலையைக் கேட்டு ஒப்பாரி வச்சவளே நான்தான். தடை முடிஞ்ச அன்னிக்குக் கூடையைத் தூக்கிக்கினு முதல் ஆளா ஓடினவளும் நான்தான். பிடிக்கிற மீனைக் காயப்போட ஒரு திடல் வேணும்னு இந்த மரமண்டைக்கு உறைக்கவே இல்ல!

செஞ்சு காட்டுற நாள் வந்துச்சு. டாக்டரம்மா கையைக் கட்டிக்கினு என் பக்கத்துல நின்னாங்க. மச்சான் அக்கரையில பார்த்துச் சொல்லணும்னு காலையிலயே போயிட்டாரு, ஆனா டீக்கடையில உக்காந்துட்டாரு மனுஷன். ஐஸ் வச்ச தெர்மோகோல் பொட்டியோட டிரோன் ஜிவ்வுனு கிளம்பிச்சு. எனக்குச் சந்தோஷம் தாங்கல. பாதிக் கழி தாண்டினதும் போன் அலறிச்சு. ஸ்பீக்கர்ல போட்டேன்.

"ஏய், இறக்காத! வட்டத்தையே காணோம். திடல் முழுக்க நெத்திலி!"

டிரோன் இறங்கும்போது கீழ அடிக்கிற காத்து சும்மா இல்ல. அவ்வளவு நெத்திலியும் மணலோட மணலா போயிடும். வேற எங்க இறக்க? ஒரு பக்கம் படகு, ஒரு பக்கம் கரண்டு கம்பி. கடல்காத்து வேற ஏறிக்கினு இருந்துச்சு. காக்கா கூட்டம் கிளம்பி மெஷினைச் சுத்துது. பேட்டரி குறையுது. அப்பத்தான் நான் அந்தக் கத்து கத்தினேன்.

மச்சான் குரல் திடீர்னு மாறிச்சு. "இறக்கிடு. மீனுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். இறக்கிடும்மா."

எட்டு வருஷத்துல அவரு என்கிட்ட கெஞ்சி நான் கேட்டதில்ல. இறக்கினா அவரு இங்கயே இருப்பாரு. திருப்பிக் கொண்டாந்தா ஃப்ளைட் ஏறுவாரு. ஆனா ரெண்டு மாசம் அடுப்பைச் சுருக்கி வச்ச பொம்பளைங்க முதமுதலா காயப்போட்டது அது. அதுல மண்ணள்ளிப் போட்டுட்டு நான் என்ன பொழப்பு நடத்த?

"முடியாது மச்சான்"னு சொல்லிட்டேன். சொல்லும்போதே அழுகை வந்துடுச்சு.

போனை யாரோ பிடுங்கற சத்தம். காக்கா விரட்டிக்கினு இருந்த ஒரு அக்கா.

"இந்தாம்மா பைலட்டு, மெஷினு எறங்காம பொட்டிய மட்டும் வுடுமா?"

"விடும்கா. ஆனா உள்ள கண்ணாடி பாட்டிலு, விழுந்தா உடைஞ்சுடும்."

"எங்களாண்ட வலை இருக்குதுல்ல! தண்ணியாண்ட கொண்டா!"

நாலு பொம்பளைங்க புடவையைத் தூக்கிச் சொருகிக்கினு முழங்கால் தண்ணியில இறங்கறது இங்கேர்ந்தே தெரிஞ்சுச்சு. ஆளுக்கொரு முனையா வலையை விரிச்சாங்க. தண்ணிக்கு மேல மெஷினை இறக்கினா காத்து தண்ணியைத்தானே அடிக்கும்! எனக்கு ஏன் இது தோணல? மெதுவா, மெதுவா தாழ்த்தினேன். "இன்னும், இன்னும்... வுடு!"ன்னு அக்கா கத்த, கொக்கியைத் திறந்தேன்.

பொட்டி நேரா வலையில விழுந்துச்சு. அப்புறம் அக்கரையில கைதட்டினாங்க பாருங்க, கழியைத் தாண்டி இந்தக் கரைக்குக் கேட்டுச்சு! "ஒண்ணுகூட ஒடையல!"ன்னு மச்சான் கூவுறாரு. நான் ரிமோட்டைக் கையில வச்சுக்கினே குதிச்சேன். டிரோனைப் பத்திரமா திருப்பி இறக்கினப்ப பேட்டரி சிவப்புல மின்னிக்கினு இருந்துச்சு.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினாங்க.

"அன்னிக்கு உன்னை ஒண்ணு கேட்டேன், ஞாபகம் இருக்கா?"ன்னாங்க. "திடல் முழுகினா எங்க இறக்குவேன்னு. இவங்களுக்குத் தரையே வேணாம் போலிருக்கே." கட்டின கையை அப்பத்தான் பிரிச்சாங்க. "இந்த மழைக்காலம் முழுக்க நீயே செய். வலை பிடிக்கறவங்க கூலியையும் சேர்த்து எழுதிக் கொண்டா."

மச்சான் ரோட்டைச் சுத்திக்கினு வர முக்கால் மணி நேரம் ஆச்சு. எல்லாத்தையும் போன்லயே கொட்டிடலாம்னு வாய் துறுதுறுன்னுச்சு. நேர்ல சொல்லணும்னு பல்லைக் கடிச்சுக்கினு நின்னேன். பேன்ட்டு முட்டி வரைக்கும் ஈரம், கையில ஒரு பை நெத்திலி, வந்து இறங்கினாரு. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவரே ஆரம்பிச்சாரு; ஸ்பீக்கரை நான் அணைக்கவே இல்ல, டாக்டரம்மா சொன்னது அக்கரைக்கும் கேட்டிருக்கு!

"அந்த அக்கா கேக்குது, வலை பிடிக்க வாரத்துக்கு நாலு நாள் ஒரு ஆம்பள வேணுமாம். வெளிநாட்டுக்கு ஓடாத ஆம்பளையா பார்த்து அனுப்பச் சொல்லிச்சு."

"நீ இன்னா சொன்னே?"

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன் இருக்கான், ஆனா அவன் பொண்டாட்டியைக் கேக்கணும்னேன்."

அன்னிக்கு நெத்திலிக் குழம்பு கொதிச்சுக்கினு இருக்கும்போது, எங்க பொண்ணு அந்தச் சூட்கேஸ்லேர்ந்து அவரு சட்டையை ஒவ்வொண்ணா எடுத்து பீரோவுல அடுக்கிச்சு. மடிப்பெல்லாம் கோணல். நான் சரிபண்ணவே இல்ல.