தண்டாயுதபாணியின் தவளைகள்

துணி சோப்பைப் பேனாக்கத்தியால் ஒரு சுரண்டு சுரண்டி, கையைத் தள்ளிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்க்கிறார் தண்டாயுதபாணி. தவளைக்கு முதுகில் கூன் போதவில்லை. மறுபடி ஒரு சுரண்டு. வாசற்படியெல்லாம் சோப்புத் தூள். ஊறவைத்த துணியோடு நிற்கும் மனைவி கோமளா குரல் கொடுக்கிறாள்: "ஏனுங்க, அந்தத் தவளைக்கு உசுரு வந்துச்சுன்னா மிச்ச சோப்பக் குடுங்க. துணி தொவைக்கோணும்."

"இதா, ஆச்சம்மிணி, ஆச்சு" என்கிறார், தலை நிமிராமலே. ஆகாது. அது அவளுக்கும் தெரியும்.

திருப்பூரில் பனியனுக்குப் படம் அச்சடிக்கும் பட்டறையில் அவர்தான் பிரிண்டிங் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் குளத்தங்கரை. ஒருநாள் கேபிள் டிவியில் வெள்ளைக்காரன் ஒருவன் ரப்பர் தவளையை வீசி, முழங்கை நீள மீனை இழுத்துப் போட்டதைப் பார்த்துத் தொலைத்தார். அன்று பிடித்த கிறுக்குதான். "அந்தத் தவளையும் நம்ம பனியன்ல ஒட்டற பிளாஸ்டிசால் இங்க்கும் ஒரே சரக்குங்க. அவன் செய்யறப்ப நம்மளால முடியாதுங்களா?" என்று எல்லோரிடமும் கேட்பார்.

சோப்புத் தவளைக்கு நல்லெண்ணெய் தடவி, பொம்மை வார்க்கும் பிஓபி மாவைக் குழைத்து ஊற்றிய டப்பாவில் பாதி முங்க வைப்பார். நான்கு மூலையிலும் புளியங்கொட்டை பதிப்பார். அது இறுகியதும் மேலே ஊற்றும் மறுபாதி அச்சு நகராமல் உட்கார அதுதான் வழி. இரண்டு பாதியும் காய்ந்த பிறகு சோப்பை எடுத்துவிட்டு, பனியன் வேஸ்ட் துணியால் இறுக்கிக் கட்டி, காய்ச்சிய இங்க்கை மேல் துளை வழியாக ஊற்றுவார். ஆறினால் தவளை தயார். வயிற்றில் தூண்டில் முள்ளைக் கோக்க வேண்டியதுதான் பாக்கி.

அச்சடிக்கும் ஸ்கிரீனில் வழித்துக் கொட்டும் மிச்ச இங்க்கை முதலாளியே கொண்டுபோகச் சொல்லிவிட்டார். அதனால் எந்த நாட்டு ஆர்டர் ஓடுகிறதோ, அந்த நிறத்தில் தவளை பிறக்கும். கிறிஸ்துமஸ் சரக்கு ஓடினால் ரத்தச் சிவப்பு. குழந்தைகள் சரக்கென்றால் ரோஸ். ஒரு மீனும் சீண்டியதில்லை. "எக்ஸ்போர்ட் குவாலிட்டிங்க இது. கழுதைக்குத் தெரியுமாங்க கற்பூர வாசம்?" என்று மீனைத்தான் குறை சொல்வார்.

பட்டறையில் கூட வேலை செய்யும் ராஜபாண்டி உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன். அதே குளத்தில் மண்புழுவைக் குத்திப் போட்டே கெளுத்தியும் ஜிலேபி மீனுமாகப் பையை நிரப்பிவிடுவான். "அண்ணே, ஒரு புழு தாரேன், வாங்கிக்கங்கண்ணே. பாக்கவே பாவமா இருக்கு" என்பான். இவருக்கு ரோஷம் வந்துவிடும். "புழுவுக்கு மீனு வாரதுல என்ன இருக்குது கண்ணு?"

வினை பால் காய்ச்சும் குண்டா உருவில் வந்தது. கோமளாவுக்கு அவள் அம்மா அனுப்பர்பாளையத்தில் பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்த பாத்திரம். அதில் மனிதர் இங்க்கைக் காய்ச்சிவிட்டார். மறுநாள் காப்பியில் பட்டறை வாசம் தூக்கியது. கோமளா டம்ளரைக் கீழே வைத்தாள். "வர்ற ஞாயித்துக்கெழம அந்தத் தவளைல ஒரு மீனப் புடிச்சுட்டு வாங்க. வெறுங்கையோட வந்தீங்கன்னா, அத்தன அச்சையும் ஒடச்சுக் குப்பைல கொட்டிப்போடுவனுங்க."

கோமளா சொன்னால் செய்துவிடுவாள். அலமாரி நிறைய அச்சு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சோப்பு செலவு. அந்த வாரம் முழுக்கத் தண்டாயுதபாணி அலமாரியைத் திறந்து திறந்து பார்த்தார்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. சனிக்கிழமை சாயங்காலம் பட்டறையில் இங்க் டப்பாவை மாற்றி எடுத்து வந்தவர் காய்ச்சி ஊற்றியது பஃப் இங்க். சூடு பட்டால் பனியனில் எழுத்து உப்பி எழும்புமே, அந்தச் சரக்கு. அச்சின் துளை வழியாகக் குபுகுபுவென்று பொங்கி வழிந்தது. கட்டை அவிழ்த்தால், பூரி மாதிரி உப்பிக் கண் பிதுங்கி உட்கார்ந்திருந்தது தவளை. வேறு இங்க்கும் இல்லை. காலையில் அதையே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ராஜபாண்டியோடு உடுமலைப்பேட்டை பஸ் ஏறினார்.

அங்கே குளத்தில் தவளையை வீசியதும் ராஜபாண்டிதான் முதலில் கத்தினான்: "அண்ணே, மெதக்குதுண்ணே!"

இதுவரை செய்ததெல்லாம் கல்லாக மூழ்கிப் பாசியில் சிக்கியவை. இது பாசிமேல் குந்திக்கொண்டு, தூண்டில் நரம்பைச் சுண்டச் சுண்டத் தத்தித் தத்தி வந்தது. தாமரை இலை ஓரமாக வந்தபோது தண்ணீர் வெடித்தது. நரம்பு கையை அறுத்துக்கொண்டு ஓட, இருவரும் சேர்ந்து இழுத்துக் கரையில் போட்டார்கள். நல்ல தடித்த விரால். தண்டாயுதபாணிக்கு அழுகையே வந்துவிட்டது. "அச்செல்லாம் பொழச்சுது கண்ணு" என்றார்.

வீட்டில் கோமளா விராலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சந்தைல வாங்குனதுங்களா?"

"சத்தியமாக்கா, ரப்பர் தவளைக்குத்தான் விழுந்துச்சு" என்றான் ராஜபாண்டி.

அவள் நம்பினாளா என்று முகத்தில் தெரியவில்லை. அரிவாள்மணையை எடுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சாம்பல் தேய்த்து மீனின் வயிற்றைக் கீறினாள். குடலோடு சேர்ந்து நிஜத் தவளை ஒன்று வெளியே வந்து விழுந்தது. சற்று முன்தான் விழுங்கியிருக்க வேண்டும், விரல்கூடச் சிதையவில்லை. தண்டாயுதபாணி கழுத்தை நீட்டிப் பார்த்தார், பிறகு சட்டென்று சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

கோமளா முகத்தைச் சுளித்துக்கொண்டு அதை இரண்டு விரலால் தூக்கிக் குழாயடியில் கழுவினாள். ஒரு சாசரில் குப்புறப் படுக்கவைத்து, மடங்கிக் கிடந்த கால்களை ஒவ்வொன்றாக நீவி நேராக்கி, சாசரை அவர் பக்கம் நகர்த்தினாள். "அடுத்த தவளைக்காச்சும் இதப் பாத்துச் செதுக்குங்க."