கொலுசு போட்ட டெனிஷ் பேய்

மூன்று வருடங்களுக்கு முந்திய கோடை விடுமுறை. லண்டனில் இருக்கும் என் கணவரின் அக்கா, டென்மார்க்கின் பிரெடெரிசியாவில் உள்ள எங்கள் வீட்டில் பத்து நாள் தங்க வந்திருந்தார். மச்சாளுக்கு ஒரு பைத்தியம். இங்கிலாந்தின் பழைய கோட்டைகள், பிரபுக்களின் மாளிகைகள் எல்லாவற்றையும் டிக்கெட் எடுத்துப் பார்த்து, அங்கே உலாவும் பேய்களின் கதைகளைச் சேர்த்து வைத்திருந்தார். வெட்டுப்பட்ட தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கும் சீமாட்டி, சாம்பல் நிற உடுப்போடு படியிறங்கிச் சுவருக்குள் மறையும் பெண் என்று எங்கள் சாப்பாட்டு மேசைக்குத் தினமும் ஒரு பேய் வரும்.

அப்போது பதினொரு வயதான என் மகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பாள். "பிறகு என்ன நடந்தது மாமி? அந்த மனுசி ஏன் செத்தவ?" என்று தமிழிலேயே குடைவாள். அதுதான் எனக்குப் பற்றி எரிந்தது. பிறந்த நாள் முதல் அவளோடு தமிழில் கதைப்பவள் நான். எதைக் கேட்டாலும் எனக்கு டெனிஷில்தான் பதில் வரும். சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டு, குளிருக்குள் காரில் காத்திருந்த எனக்குக் கிடைக்காத தமிழ், நாலு பேயோடு வந்தவருக்குக் கிடைத்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பொறாமை. மச்சாளின் தேநீருக்குச் சீனியைக்கூடக் குறைத்துப் போட்டேன்.

அவர் திரும்புவதற்கு முதல் நாள், மச்சாளும் மகளும் நானும் ஒரு மணித்தியாலத் தூரத்தில் இருந்த பழைய மாளிகை ஒன்றைப் பார்க்கப் போனோம். உள்ளே சுற்றிவரும்போது மச்சாள் கேட்டார்: "உங்கடை டென்மார்க்கிலை ஒரு பேயும் இல்லையோ?"

நான் வாயில் வந்ததை அள்ளிவிட்டேன். இந்தச் சுவருக்குள்தான் பிரபு தன் மனைவியை உயிரோடு வைத்துக் கட்டினான், மழை நாட்களில் அவளுடைய கொலுசுச் சத்தம் கேட்கும் என்றேன். மகள் என்னை வியப்போடு நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்காகவே இன்னும் இரண்டு கொலைகளைச் சேர்த்தேன்.

"வெள்ளைக்காரிக்கு எங்காலை கொலுசு?" என்று மச்சாள் சிரித்தார். பிறகு அங்கே நின்ற வயதான வழிகாட்டியைக் காட்டி, "உண்மையோ எண்டு அந்த மனுசியிட்டைக் கேள், பிள்ளை" என்று மகளிடம் சொன்னார். தனக்கு ஆங்கிலம் வராது என்று அந்த அம்மா வாசலிலேயே சொல்லியிருந்தார். மச்சாளுக்கோ டெனிஷ் ஒரு சொல்லும் தெரியாது.

மகள் டெனிஷில் கேட்டாள். வழிகாட்டி சிரித்துவிட்டார். இந்த மாளிகைக்குப் பேய்க்கதையே கிடையாது, அந்தச் சுவருக்குப் பின்னால் இருந்தது விறகு அறை என்றார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. மச்சாளின் முன்னால் மானம் போவது ஒருபுறம் இருக்கட்டும், இனி நான் சொல்லும் எதையும் மகள் நம்பமாட்டாளே என்றுதான் பயந்தேன்.

மகள் மச்சாளின் பக்கம் திரும்பினாள். "ஓம் மாமி, அம்மா சொன்னது சரியாம். ஆனா கொலுசு இல்லையாம். இடுப்பிலை கொழுவியிருந்த திறப்புக் கோர்வையாம், அந்தச் சாவியள் கிலுங்கிற சத்தமாம்."

மச்சாள் நெஞ்சில் கை வைத்தபடி சுவரை விட்டு விலகி நின்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வெளியே வந்து, மச்சாள் கழிவறைக்குப் போன நேரத்தில் மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீ மாமியோடை மட்டும் தமிழ் கதைக்கிறாய். எனக்கு அது தாங்கேல்லை" என்றேன்.

"மாமிக்கு டெனிஷ் விளங்காது. உங்களுக்கு விளங்கும்தானே" என்று டெனிஷில் சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு காரை நோக்கி நடந்தாள்.

இன்றைக்கும் அவள் எனக்கு டெனிஷில்தான் பதில் சொல்கிறாள். அன்று என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம், என் பிள்ளையை இன்னொருத்தர் பறித்துக்கொண்டார் என்று அத்தனை நாளும் வெந்து திரிந்த என்னை நினைத்து எனக்கு வெட்கமாக இருக்கிறது.