குணமான நோயாளியும் குறைந்த மதிப்பெண்ணும்

மனநலப் பிரிவில் அவளுக்கு ‘ஏன் டாக்டர்’ என்றுதான் பெயர். பயிற்சி மருத்துவர்கள் தாங்கள் பார்த்த நோயாளியைப் பற்றி அவளிடம் பேச வேண்டும். எதைக் கேட்டார்கள், எதை விட்டார்கள், ஏன் அந்த மருந்து என்று துருவித் துருவிக் கேட்டு மதிப்பெண் போடுவாள். வீட்டிலும் அதே கதைதான். குழம்பில் ஏன் உப்பு கூடியது என்று ஒருநாள் கேட்டதற்கு, அதற்கும் மார்க் போட்டுவிடாதே என்றானாம் கணவன்.

ஒரு வருடம் பயிற்சிக்கு வந்த ஒருவர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர். பல காலம் பொது மருத்துவம் பார்த்துவிட்டு மனநலம் படிக்க வந்தவர். சாப்பிடாமல் சுருண்டு கிடந்த ஒரு தையல்காரரைப் பற்றிப் பேசினார். மனச்சோர்வு என்று மருந்து கொடுத்திருந்தார். ஆள் தேறி மறுபடி மிஷினில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் சாகத் தோன்றியதா என்று விசாரித்தீர்களா, வேறு எந்த நோயெல்லாம் இருக்கலாம் என்று யோசித்தீர்கள் என்று அவள் கேட்டபோது, பார்த்தாலே தெரிந்தது என்றுதான் சொன்னார். தேறாத அளவுக்குக் குறைந்த மதிப்பெண் போட்டாள். தையல்காரரை உடனே வரவழைத்து, கேட்காமல் விட்டதைக் கேட்கவும் சொன்னாள்.

தையல்காரரிடம் அதைக் கேட்டு முடித்த கையோடு மூத்தவர் துறைத் தலைவரிடம் போனார். நோயாளி குணமான பிறகு இன்னும் என்ன வேண்டும் என்பது அவர் வாதம்.

“குணமானது நல்லதுதான் சார். அடுத்த ஆளுக்கும் அப்படியே அமையணுமே,” என்றாள் அவள், தலைவர் கூப்பிட்டுக் கேட்டபோது.

அடுத்த வாரம் அவள் தன் நோயாளி ஒருவரைப் பற்றிப் பேசட்டும், மூத்தவர் கேள்வி கேட்கட்டும் என்று தலைவர் முடித்துவிட்டார்.

படபடப்பும் கை நடுக்கமுமாக வந்துகொண்டிருந்த ஒரு பள்ளி ஆசிரியையை அவள் எடுத்துக்கொண்டாள். பதற்றநோய் என்று மளமளவென்று காரணங்களை அடுக்கினாள். மூத்தவர் கோப்பைப் புரட்டினார்.

“இதெல்லாம் யார் சொன்னது டாக்டர்?”

“அவங்களும் புருஷனும் சேர்ந்துதான் சொன்னாங்க.”

“அந்தம்மாவைத் தனியா பார்த்தீங்களா?”

ஒவ்வொரு முறையும் அந்தக் கணவர் கூடவே உட்கார்ந்திருந்தார். மரியாதையான மனிதர், கேட்டதற்கெல்லாம் கோவையாகப் பதில் சொன்னார்.

“இல்ல. பார்த்திருக்கணும்,” என்றாள்.

மறுநாள் கணவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு ஆசிரியையிடம் பேசினாள். பல மாதங்களாக வீட்டுக்குத் தெரியாமல் குடிப்பதாக அந்தப் பெண் சொன்னார். குடிக்காத காலைகளில்தான் கை நடுங்கியது. அன்றே சிகிச்சை மாறியது.

மூத்தவரின் மதிப்பெண்ணை அவள் திருத்தவில்லை. அவரும் கேட்கவில்லை. வேறொரு நோயாளியைப் பற்றிப் பேசி, அடுத்த முறை தேறினார். இப்போது அவர் இன்னொரு மருத்துவமனையில் இருக்கிறார். சிக்கலான நோயாளி வந்தால் இருவரும் போனில் பேசிக்கொள்கிறார்கள்.