ஐயம்பேட்டைத் தறியில் வந்த ‘இல்லீகல்’

செவிலிமேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்த்தேன். தறியில் பொருத்தும் எலெக்ட்ரானிக் ஜக்கார்டுக்குக் கன்ட்ரோலர் பெட்டி செய்வோம். டிசைன்படி எந்த இழை மேலே எழ வேண்டும் என்று சொல்வது அந்தப் பெட்டிதான். அதற்கான சாஃப்ட்வேரை ஆபீஸ் கம்ப்யூட்டரில் கம்பைல் செய்து அனுப்புவது என் வேலை. ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் பெட்டிக்கும் பிராசசர் வேறு. ஆகவே எந்த பிராசசருக்கு என்று கம்பைலருக்கு ஃபிளாக் போட்டுச் சொல்ல வேண்டும்.

முதலாளிக்கு வேகம் பிடிக்கும். புதுப் பெட்டியில் இருப்பது ஆர்ம் ஏழாம் தலைமுறை பிராசசர்; அதற்கான `-march=armv7-a` ஃபிளாக்கோடு டெமோ காட்டினேன். எல்லாருக்கும் இதையே அனுப்பு என்றார். பழைய பெட்டிகள் இருக்கின்றனவே என்றேன். எல்லாம் மாற்றியாகிவிட்டது என்றார். எக்செல் ஷீட்டிலும் அப்படித்தான் இருந்தது. அனுப்பினேன்.

மறுநாள் காலை ஐயம்பேட்டை நெசவாளர் குமரேசன் போன் செய்தார். முகூர்த்தப் புடவை பாதியில் நிற்கிறது. எட்டு நாளில் கல்யாணம். திரையில் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’.

“இல்லீகல்னே வந்துக்கினு இருக்குதுமா. நான் எந்தத் தப்பும் பண்ணலியே?”

பிராசசருக்குப் புரியாத கட்டளை என்றுதான் அதற்கு அர்த்தம் என்றேன். அவர் சமாதானம் ஆகவில்லை. முதலாளி அதற்கும் மேல், வக்கீலைக் கூப்பிட்டார். ஒரு மணி நேர மீட்டிங்கின் முடிவு: அந்த வரியை எடுத்துவிட்டு ‘தயவுசெய்து காத்திருக்கவும்’ என்று போட வேண்டும்.

அப்போதும் தறி ஓடாதே என்றேன்.

“அதனாலதானேமா காத்திருக்கச் சொல்றோம்” என்றார் முதலாளி.

ஷேர் ஆட்டோ பிடித்து ஐயம்பேட்டை போனேன். பெட்டியைத் திறந்தால் உள்ளே பழைய போர்டு, ஆர்ம் ஆறாம் தலைமுறை. மாற்ற யாரும் வரவில்லையா என்று கேட்டேன்.

“வந்தாங்கமா. மேல புது ஸ்டிக்கர் ஒட்டிட்டு, போட்டோ எடுத்துக்கினு போயிட்டாங்க.”

அங்கேயே லேப்டாப்பில் ஃபிளாக்கை `armv6` என மாற்றி கம்பைல் செய்து ஏற்றினேன். தறி ஓடியது. குமரேசன் பார்டரை விரலால் தடவிப் பார்த்தார். கோணலாக விழுந்திருந்த நான்கு இழைகளைப் பிரித்து மறுபடி நெய்தார். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு புடவை போய்ச் சேர்ந்தது.

எங்கள் பிரோஷரில் ‘இரு தலைமுறை பிராசசர் ஆதரவு’ என்று ஒரு புது வரி சேர்ந்தது.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஷீட்டைப் பார்த்து ஃபிளாக் போடாதீர்கள். பெட்டியிலேயே `uname -m` என்று தட்டினால் அது தன் பிராசசரைச் சொல்லிவிடும். அரை நிமிஷ வேலை. நான் அதைச் செய்யாததால், ஒரு மனிதர் தன் தறி முன்னால் ஒரு காலை முழுதும் குற்றவாளி போல உட்கார்ந்திருந்தார்.