பாட்டை நிறுத்திவிட்டு வந்த ராஜா

மூன்று வருடங்களுக்கு முன், வைகாசி மாதத்தில் ஒரு மதிய நேரம். கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே போகிற ஒரு சிற்றூரில் மாரியம்மன் திருவிழா. அங்கே கூத்துப் பார்க்கப் போன நான் செத்துப் பிழைத்துத் திரும்பினேன்.

நான் கள்ளக்குறிச்சியில் வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். மிஷினுக்கு எதிரே டிவி. அதில் பகல் முழுக்கப் பாட்டுப் போட்டி ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். பாடுகிற பிள்ளை சுருதி விலகினால் என் கால் பெடலில் தானாக நின்றுவிடும். ஆனால் டிவி எல்லாம் எனக்கு நாளைக் கடத்தத்தான். உயிர் இருப்பது கூத்தில். திருநாவலூர், களமருதூர், மணலூர்பேட்டை என்று எங்கே கூத்து நடந்தாலும் போய்விடுவேன். எந்த ஊரில் என்ன கூத்து பார்த்தேன் என்பதை அங்கே என்ன சாப்பிட்டேன் என்பதை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருப்பேன். மிளகாய் பஜ்ஜி தின்றது ஓர் ஊர், பனங்கிழங்கு தின்றது ஓர் ஊர். "நீ கூத்துக்குப் போறியா, துன்றதுக்குப் போறியா?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். கேட்டுக்கொண்டே வண்டியையும் எடுப்பார். அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். கூத்தில் அவருக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. எனக்காக வருவார்.

நான் இப்படி ஓடுவதற்கு முக்கியக் காரணம் ஒரு நடிகர். ராஜா வேஷம் கட்டுகிறவர். மைக் கெட்டுப்போனாலும் கடைசி வரிசைவரை கேட்கும் குரல். மேலே ஏறுகிற பாட்டில் அவர் ஒரு இடத்தில் நின்று, மூச்சு விடாமல் அப்படியே இன்னொரு படி ஏறுவார் பாருங்கள், எனக்கு மயிர்க்கூச்செறியும். அவர் பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம். முன் வரிசையில் உட்கார்ந்து கூடவே வாயசைப்பேன். ஆனால் ஒரு நாளும் அவரிடம் போய்ப் பேசியதில்லை. என்ன பேசுவது?

அவருடைய குழு மலையில் ஆடப்போகிறது என்று எங்கள் கூத்து வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. அக்கம்பக்கத்துக் குக்கிராமங்களிலிருந்து நடந்து வருகிற சனங்கள் இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்பதால் மதியமே கூத்து. நானும் வீட்டுக்காரரும் பைக்கில் கிளம்பினோம். அது பலாப்பழக் காலம். வழியெல்லாம் பழ வாசனைதான்.

பந்தலுக்குக் கீழே எனக்கு முன்னால் இடம் பிடித்துக் கொடுத்தது அந்த ஊர்க்காரப் பெண் ஒருத்தி. சாமையும் மரவள்ளியும் போடுகிற குடும்பமாம். என் வயதுதான் இருக்கும். பேசிய கொஞ்ச நேரத்திலேயே ஒட்டிக்கொண்டாள். வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு தட்டு நிறையப் பலாச்சுளை கொண்டு வந்தாள். "எங்க மரத்துப் பழம். துன்னு பாரு, டவுன்ல கெடைக்காது" என்றாள். உண்மைதான். தேனில் ஊறியது போல இருந்தது. வழுவழுவென்று, மென்று முடிப்பதற்குள் தானே உள்ளே போகிற பழம்.

கூத்து தொடங்கியது. ராஜா பலகையில் உட்கார்ந்து பாட ஆரம்பித்தார். இடையிடையே கட்டியக்காரர், அதாவது கூத்தில் சிரிக்க வைக்கிறவர், ராஜாவின் சாப்பாட்டு ஆசையைப் பற்றிக் கிண்டல் செய்துகொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனார். கட்டியக்காரர் ஏதோ சொன்னார். எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. வாயில் ஒரு முழுச் சுளை இருந்தது.

அது உள்ளே வழுக்கிப் போய் அடைத்துக்கொண்டது. இருமப் பார்த்தேன், வரவில்லை. கத்தப் பார்த்தேன், சத்தமே இல்லை. மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, உடம்பு குலுங்குகிறது. சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் நான் விழுந்து விழுந்து சிரிக்கிறேன் என்று நினைத்தார்கள். மலைக்காரப் பெண் என் முகத்தைப் பார்த்து அவளும் சிரித்தாள். நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். அவளும் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இத்தனை பேருக்கு நடுவில் ஒருத்தருக்கும் தெரியாமல் போய்ச் சேரப்போகிறோம் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கல்லூரியில் படிக்கிற என் மகள் ஞாபகம் வந்தது. பார்வை ஓரங்களில் இருட்டிக்கொண்டு வந்தது.

அப்போது பாட்டு நின்றது.

பாதி வரியில் நிறுத்திவிட்டு ராஜா எழுந்து என்னை நோக்கி வந்தார். கூத்தில் ராஜா கூட்டத்துக்குள் வருவது உண்டு என்பதால் சனங்கள் கைதட்டினார்கள். அவர் என்னைத் தூக்கி நிறுத்தி, முன்னால் குனிய வைத்து, முதுகில் ஓங்கித் தட்டினார். அசையவில்லை. உடனே பின்னால் வந்து இரண்டு கைகளாலும் என்னைச் சுற்றிப் பிடித்து, தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து உள்ளும் மேலுமாக ஒரு இழுப்பு இழுத்தார். கைதட்டல் நின்றது. பெண்கள் கூச்சல் போட்டார்கள். ஊர் நடுவில், ஒரு ஆம்பிளை, முன்பின் தெரியாத ஒரு பெண்ணைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துத் தூக்குகிறான். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது அதுதான்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் டீயோடு வந்துவிட்டார்.

டீ கீழே போனது. கையில் மாட்டியிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி ராஜாவின் தலையில் ஓங்கி அடித்தார். ராஜாவின் கிரீடம் மரத்தில் செய்து கண்ணாடிச் சில்லு பதித்தது. அது இரண்டாகப் பிளந்தது. அந்தக் கிரீடம் இல்லாவிட்டால் மண்டை பிளந்திருக்கும். அடுத்த அடி அவர் வாயில் விழுந்தது. என் காதுக்குப் பக்கத்தில் அவர் குரல் கேட்டது. அவர் கத்தக்கூட இல்லை.

"அடிங்கண்ணே. ஆனா நான் விட மாட்டேன்."

இன்னொரு இழுப்பு. சுளை தெறித்து மண்ணில் விழுந்தது. மூச்சு ஒரு விசில் போலச் சத்தம் போட்டுக்கொண்டு உள்ளே போனது. அந்தச் சத்தத்தைவிட இனிமையான ஒன்றை நான் இன்றுவரை கேட்டதில்லை.

மூன்றாவது முறை கையை ஓங்கியிருந்த என் வீட்டுக்காரர் கீழே கிடந்த சுளையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். நான் பேச முடியாமல் கைகூப்பினேன், அவரைப் பார்த்தும், ராஜாவைப் பார்த்தும். அவருக்கு விளங்கிவிட்டது. ஹெல்மெட் கையிலிருந்து நழுவியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ராஜாவின் உதட்டிலிருந்து ரத்தம் ஒழுகி அரிதாரத்தோடு கலந்து மார்புப் பதக்கத்தில் சொட்டியது. மலைக்காரப் பெண் "நான் குடுத்த பழம், நான் குடுத்த பழம்" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

முதலில் அசைந்தவர் கட்டியக்காரர். கீழே கிடந்த ஹெல்மெட்டை எடுத்துத் துடைத்து, ராஜாவை மறுபடி பலகையில் உட்காரவைத்து, அவர் தலையில் மாட்டிவிட்டார்.

"ராஜாவே, கிரீடத்த வுட்டுட்டு இன்னா இத்த மாட்டிக்கினு வந்துக்கிறீங்க?"

ராஜா வீங்கிய உதட்டோடு, ராஜா குரலிலேயே பதில் சொன்னார்: "மலை ரோடாச்சே மந்திரி. கொண்டை ஊசி வளைவு ஜாஸ்தி."

பந்தல் அதிர்ந்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் என் வீட்டுக்காரர் மட்டும் அழுதுகொண்டிருந்தார். கட்டியக்காரர் அந்தச் சிரிப்போடு சிரிப்பாக, அந்த அம்மாவுக்குத் தொண்டை அடைத்துவிட்டது, ராஜா காப்பாற்றினார் என்று எல்லோருக்கும் புரியும்படி சொல்லிவிட்டு, தாளக்காரரைப் பார்த்துக் கையசைத்தார். கூத்து தொடர்ந்தது. நான் இருந்து பார்க்கவில்லை. வீட்டுக்காரர் என்னைப் பக்கத்திலிருந்த சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனார். அங்கிருந்த மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, நாளைக்கு வலித்தால் உடனே வரச் சொன்னார். அடைத்த நேரத்தில் அந்த நடிகர் செய்தது சரியான காரியம், ஆம்புலன்சுக்குக் காத்திருந்தால் என்னை உயிரோடு பார்த்திருக்க முடியாது என்றும் சொன்னார்.

திரும்பி வந்தபோது கூத்து முடிந்திருந்தது. மலைக்காரப் பெண் வீட்டில் எனக்குச் சாமைக் கஞ்சி கரைத்து ஆறவைத்திருந்தாள். தொண்டையெல்லாம் ரணம். வாய்க்குப் பழகிப்போன ருசிகளையெல்லாம் நினைத்துக்கொண்டு அந்த உப்புக் கஞ்சியைத் துளித்துளியாகக் குடித்தேன். வேஷம் கலைத்துவிட்டு அந்த நடிகரும் வந்தார். அரிதாரம் இல்லாமல் பார்த்தால் நம்ம தெருவில் போகிற யாரோ போல ஒல்லியாக இருந்தார். என் வீட்டுக்காரர் எழுந்து அவர் காலில் விழப் போனார். அவர் தடுத்துவிட்டார்.

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். கேட்டது கரகரப்பாகத்தான் வந்தது.

"நீங்க எங்க ஆடுனாலும் வருவீங்களே அக்கா. கூடவே பாடுவீங்க. அந்தப் பாட்டுல வாய் தொறந்தே இருந்துச்சி, அசையல. அதான் பாத்தேன்."

இத்தனை வருடம் நான்தான் அவரைப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சரி, இந்த வைத்தியம் எங்கே கற்றுக்கொண்டார் என்று வீட்டுக்காரர் கேட்டார். டிவியில்தானாம். பகலில் வீட்டில் இருந்தால் டிவி தவிர வேறு வேலை கிடையாதாம். ஒரு டாக்டரம்மா பொம்மையை வைத்துச் செய்து காட்டினாராம். இவர் மனைவியிடம் செய்து பார்க்கப்போய் கரண்டியால் அடி வாங்கினாராம். "அன்னிக்கு ஒண்ணு, இன்னிக்கு ரெண்டு" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார், உதடு வலித்து நிறுத்திக்கொண்டார்.

கதை அங்கே முடியவில்லை. அடுத்த நாள் காலையில் எங்கள் கூத்து வாட்ஸ்அப் குழுவுக்கே ஒரு வீடியோ வந்தது. யாரோ போனில் எடுத்தது. அவர் என்னைப் பிடித்துத் தூக்குவதும் ஹெல்மெட் அடி விழுவதும் மட்டும்தான் அதில். பழம் விழுந்தது இல்லை. மேலே அசிங்கமாக ஒரு வரி எழுதியிருந்தார்கள். மாலைக்குள் உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஓர் ஊரில் அந்தக் குழுவின் கூத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று தகவல் வந்தது. பெண்கள் இருக்கிற இடத்தில் இப்படி ஒருவரை ஆடவிட மாட்டார்களாம்.

வீட்டுக்காரர் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். அவர் முகமும் அதில் தெளிவாகத் தெரிந்தது. சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவர், திடீரென்று சட்டையை மாற்றிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். போனை எடுத்து வீடியோ பிடிக்கச் சொன்னார். நாலு பேருக்கு முன்னால் பேசிப் பழக்கமில்லாத மனிதர்.

"அந்த ராஜாவ அடிச்சது நான்தான். எம் பொண்டாட்டி உசுரு போய்க்கினு இருந்துச்சி, அவரு காப்பாத்திக்கினு இருந்தாரு. அது தெரியாம அடிச்சிட்டேன். தப்பு என்னுது, அவருது இல்ல."

அவ்வளவுதான் பேசினார். அதை அனுப்பியதோடு விடவில்லை. அடுத்த நாள் என்னையும் அழைத்துக்கொண்டு, கூத்து வேண்டாம் என்று சொன்ன அந்த ஊருக்கே போனார். கோயில் வாசலில் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடந்ததை நானே சொன்னேன். ஒருவர் மட்டும் நம்பாமல், வயிற்றை அமுக்கினால் தொண்டையில் இருப்பது எப்படி வரும் என்று கேட்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இருந்தாலும் என் வீட்டுக்காரரைத் திருப்பி நிறுத்தி, அழுத்தாமல், கை எங்கே இருந்தது என்று அவர்கள் முன்னாலேயே பிடித்துக் காட்டி, அமுக்கினால் உள்ளே இருக்கிற காற்றுதான் அடைத்ததை வெளியே தள்ளும் என்றேன். அப்புறம் அந்தப் பெரியவரே, கூத்துக்கு வரும்போது இதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஒரு தடவை அந்த ராஜாவைக் காட்டச் சொல்லும்மா என்றார். கூத்து குறித்த நாளில் நடந்தது.

அதன் பிறகு அந்த நடிகரையும் அவர் மனைவியையும் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தோம். கேழ்வரகுக் களி, நாட்டுக்கோழிக் குழம்பு. எத்தனையோ வருடமாக அவரிடம் கேட்க வேண்டும் என்று வைத்திருந்த கேள்வி ஒன்று எனக்கு இருந்தது: அந்த மேல்பாட்டில் மூச்சை எங்கே ஒளித்து வைக்கிறார்? பரிமாறிக்கொண்டே கேட்டேன். அவர் காதில் விழவில்லை. டிவியில் யாரோ மீன் வறுத்துக்கொண்டிருந்தார்கள், அதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். "வூட்லயும் இப்டித்தான் அக்கா" என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். என் அபிமான ராஜாவை அப்படிப் பார்த்ததில் எனக்குக் கொஞ்சமும் ஏமாற்றம் இல்லை. இன்னும் இரண்டு துண்டு கறியை அவர் தட்டில் வைத்தேன்.

அன்று அந்தப் பந்தலில் என்னைச் சுற்றி இருந்த எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் ஊர் நடுவில் ஒரு பெண்ணைத் தொட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்தும் தொட்டவர், அடி விழுந்த பிறகும் கையை எடுக்காதவர், அவர் ஒருவர்தான். இப்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டிலோ கடைத்தெருவிலோ யாராவது தள்ளாடுவதைப் பார்த்து, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று என் கால் தயங்கும்போது, என் விலா எலும்புக்குக் கீழே அந்தப் பிடி இறுகுவதை உணர்கிறேன், கால் தானாக முன்னே போகிறது.