தியாகலிங்கத்தாரின் ஆமைக் காவல்

மடத்துவெளித் தியாகலிங்கத்தார் முப்பது வருடத்துக்கு மேல் தெற்கே தங்காலையில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். அந்தப் பக்கத்துக் கடற்கரையில் ஆமைக்குஞ்சு பார்க்க எங்கெங்கிருந்தோ சனம் வரும். வந்தவர்களுக்குச் சோடாவும் நுளம்புத்திரியும் விற்றதோடு சரி. கடையைப் பூட்டிவிட்டு ஒருநாள் போய்ப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. கடையைக் கொடுத்துவிட்டுச் சொந்த ஊரான புங்குடுதீவுக்குத் திரும்பியபோது அந்த மனக்குறையும் கூடவே வந்தது.

ஆகவே, ஆமைக் காவலுக்குத் தொண்டர் வேண்டும் என்று வேலணையிலிருந்து அஜந்தா என்கிற பிள்ளை ஸ்கூட்டியில் வந்து கூட்டம் வைத்தபோது, கதிரையை விட்டு முதலில் எழும்பியவர் அவர்தான். முதுகில் ஆமைப்படம் போட்ட சேர்ட் ஒன்று கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு சங்கக்கடைக்குப் போனார், வாசிகசாலைக்குப் போனார், செத்தவீடு ஒன்றுக்கும் போகப் பார்த்தார். மனைவி மீனலோசனிதான் மறித்துவிட்டார்.

கடற்கரையில் பங்குனி ஆமை என்கிற கடலாமை முட்டையிட்ட இடம் ஒன்றைக் கண்டுபிடித்து, சுற்றிவரப் பனைமட்டை நட்டு வலை கட்டியிருந்தார்கள். காலையில் போய்ப் பார்த்துவிட்டு வருவது தியாகலிங்கத்தாரின் வேலை. அவர் சைக்கிளில் போவார். பின்னால் ரைகர் ஓடும்.

ரைகர் அவருடைய நாய் இல்லை. பக்கத்து வீட்டுத் தர்சனா கனடாவுக்குக் குடும்பத்தோடு போகும்போது, "மாமா, கொஞ்சநாளைக்குப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று விட்டுப்போன நாய். அந்தக் கொஞ்சநாள் ஆறு வருடமாகிவிட்டது. ஞாயிறு தவறாமல் தர்சனாவின் பிள்ளைகள் வீடியோவில் வந்து அதைக் கொஞ்சுவார்கள். அதுவோ தியாகலிங்கத்தாரை விட்டு ஓர் எட்டும் விலகாது. அவர் கக்கூசுக்குப் போனாலும் வாசலில் படுத்திருக்கும்.

ஒருநாள் போனால் முட்டைக்குழி கிளறிக் கிடந்தது. தியாகலிங்கத்தார் கொதித்துப் போனார். "நாய் வளக்கிறவை கட்டி வளக்க வேணும்!" என்று சந்தியில் நின்று ஊரையே திட்டித் தீர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

முற்றத்தில் விளக்குமாறும் கையுமாக மீனலோசனி நின்றார். "இஞ்சாருங்கோ, உங்கட ஆமைமுட்டை இஞ்ச கிடக்கு."

ரைகர் கக்கி வைத்த வெள்ளைக் கோதுகள். குழிக்கு வழி காட்டிக் கொடுத்தது வேறு யாருமில்லை, காலைக்குக் காலை அதைக் கூட்டிக்கொண்டு போன அவரேதான். அன்று பின்னேரம் அஜந்தாவுக்குப் போன் எடுத்து உள்ளதைச் சொன்னார். சேர்ட்டைத் திருப்பித் தருகிறேன் என்றும் சொன்னார். அவள் வாங்கவில்லை.

அடுத்த பருவம் இன்னொரு குழி கிடைத்தது. இம்முறை ரைகரைக் கட்டிவிட்டுப் போனார். கட்டியிருந்த பிளாஸ்டிக் கதிரையையும் இழுத்துக்கொண்டு அது கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. அறையில் விட்டுப் பூட்டினார், யன்னலால் பாய்ந்தது. சங்கிலி போட்டார்; கழுத்துப் புண்ணாகும் வரை இழுத்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் புண்ணைக் கண்டு கனடாவில் பிள்ளைகள் அழுதார்கள்.

"அண்ணை, நீங்கள் வீட்டில நிண்டால் அதுவும் நிக்கும். நீங்கள் வந்தால்தானே வருது," என்றாள் அஜந்தா. அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள்.

தியாகலிங்கத்தார் காலடியில் நின்ற ரைகரின் கழுத்தைப் பார்த்தார். "அப்ப நான் வீட்டில நிக்கிறன் பிள்ளை. குஞ்சு வரேக்க மட்டும் சொல்லும்."

அன்றிலிருந்து ஆமைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, நாயைக் காலடியில் வைத்துக்கொண்டு முற்றத்தில் இருந்தார். ஊர் சிரித்தது. சிரிக்கத்தானே செய்யும்.

வைகாசியில் ஒருநாள், இருட்டுப்படுகிற மைமல் பொழுதில் போன் அடித்தது.

"அண்ணை, வெளிக்கிட்டிட்டுதுகள்! வீடியோவைப் பாருங்கோ!"

தியாகலிங்கத்தார் எழும்பியே விட்டார். ரைகரும் எழும்பியது. அவர் திரும்பக் கதிரையில் உட்கார்ந்து, அதன் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு இறுக்கிக்கொண்டார். மீனலோசனி போனை அவருடைய முகத்துக்கு நேரே பிடித்தார்.

வெளிச்சம் பட்டால் குஞ்சுகள் திசைமாறிப் போய்விடும் என்று அங்கே யாரும் ரோச் அடிக்கவில்லை. போனில் இருட்டும் அஜந்தாவின் செருப்பு விளிம்பும்தான் தெரிந்தன. கடல் இரைகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ணை, தெரியுதோ?"

"ஓம் பிள்ளை, வடிவாத் தெரியுது."

மீனலோசனி அவரைப் பார்த்தார். போனை இறக்காமல் பிடித்தபடியே நின்றார்.

கடைசிக் குஞ்சும் இறங்கிவிட்டது என்று அஜந்தா சொன்ன பிறகுதான் ரைகரின் கழுத்திலிருந்து கையை எடுத்தார்.